விழிஞம் அலை மின்நிலையம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கேரளத்தின் திருவனந்தபுரம் கடற்கரையில் உள்ள விழிஞம் மீன்பிடித் துறைமுகத்தில் கடலுக்குள் கட்டப்பட்ட அலை மின்நிலையத்தை அறிவியல் பாரம்பரியச் சின்னமாக அங்கீகரிக்க வேண்டும் என்று கேரள-தமிழக எல்லைப்பகுதித் தமிழர்கள் சிலர் கேட்டு வருகிறோம். பாறசாலை, களியக்காவிளை, பொழியூர், நீரோடி, தூத்தூர் என்று எங்கே பேசினாலும் இதே கேள்விகள்தான் திரும்பத் திரும்ப வருகின்றன. பதில்களை ஓரிடத்தில் சேர்த்து வைத்தால் எல்லோருக்கும் உதவும் என்று எழுதியிருக்கிறேன்.

நீங்கள் சொல்வது புதிதாகத் திறந்த துறைமுகத்தையா?

இல்லை. 2024 ஜூலையில் முதல் பெரிய சரக்குக் கப்பல் வந்ததும், 2025 மே 2 அன்று பிரதமர் நாட்டுக்கு அர்ப்பணித்ததும் பன்னாட்டுச் சரக்குத் துறைமுகம். அதற்குப் பக்கத்திலேயே வள்ளங்களும் நாட்டுப்படகுகளும் அடைகிற பழைய மீன்பிடித் துறைமுகம் இருக்கிறது. அந்தத் துறைமுகத்தின் அலைத்தடுப்புச் சுவரிலிருந்து சுமார் 45 மீட்டர் தள்ளி, ஏறக்குறைய 10 மீட்டர் ஆழமுள்ள நீரில் ஒரு கான்கிரீட் பெட்டகம் அமர்த்தப்பட்டது. அடித்தளம் சுமார் 23 மீட்டருக்கு 17 மீட்டர். உயரம் 15 மீட்டருக்குச் சற்று மேல். எடை 3,000 டன் அளவு. சுவரிலிருந்து அதற்குப் போக ஓர் இரும்புப் பாலம். நாங்கள் சொல்வது இந்தப் பெட்டகத்தைத்தான். விவரம் தெரியாதவர்கள் பழைய பம்பு அறை என்றோ, பாதியில் நின்றுபோன ஏதோ கட்டடம் என்றோ நினைத்துக் கடந்துபோகிறார்கள்.

அங்கே என்ன நடந்தது?

கடல் அலையிலிருந்து மின்சாரம் எடுத்தார்கள். 1991 அக்டோபரில் இயங்கத் தொடங்கிய இந்த 150 கிலோவாட் நிலையம்தான் இந்தியாவின் முதல் அலை மின்நிலையம். அங்கே உண்டான மின்சாரம் கேரள மாநில மின்வாரியத்தின் கம்பிகளுக்குப் போனது.

இதன் வேர் சென்னையில் இருக்கிறது. மத்திய அரசின் கடல்சார் மேம்பாட்டுத் துறை பணம் கொடுக்க, 1983-இல் சென்னை ஐ.ஐ.டி.யில் அலை ஆற்றல் ஆய்வு தொடங்கியது. பேராசிரியர்கள் வி.எஸ். ராஜு, எம். ரவீந்திரன் ஆகியோர் அந்தக் குழுவின் முன்னணியில் இருந்தவர்கள். மிதவைகளைப் பயன்படுத்தும் முறைகளையும் சோதித்துப் பார்த்துவிட்டு, அறைக்குள் நீர் ஏறி இறங்கிக் காற்றைத் தள்ளும் 'அசையும் நீர்த்தம்ப' முறையே நம் கடலுக்கு ஏற்றது என்று முடிவு செய்தார்கள். 1990 டிசம்பரில் பெட்டகம் கடலடியில் அமர்ந்தது. 1993-இல் தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனம் உருவானபோது அதன் முதல் இயக்குநர் ரவீந்திரன். விழிஞம் நிலையமும் பிற்பாடு அந்த நிறுவனத்தின் பொறுப்புக்கு வந்தது.

அலை எப்படி மின்சாரம் ஆகிறது? எளிமையாகச் சொல்ல முடியுமா?

முடியும். எல்லாக் கேள்விகளிலும் எனக்கு மிகப் பிடித்தது இதுதான்.

மேலே மூடி, கீழே கடலைப் பார்த்து வாய் திறந்திருக்கும் ஓர் அறையை நினைத்துக்கொள்ளுங்கள். வாய் நீர்மட்டத்துக்குக் கீழே இருப்பதால், அறையின் மேற்பகுதியில் காற்று அடைபட்டுக் கிடக்கும். வெளியே அலை எழும்போது அறைக்குள் நீர் ஏறும். அடைபட்ட காற்றுக்குப் போக இடமில்லை. கூரையில் வைத்திருக்கும் குறுகிய குழாய் வழியாகச் சீறிக்கொண்டு வெளியேறும். அலை இறங்கும்போது அறைக்குள் நீரும் இறங்கும். வெளிக்காற்று அதே குழாய் வழியாக உள்ளே இழுபடும். மனிதனின் நெஞ்சுக்கூடு மூச்சுவிடுவது போலத்தான். குழாயின் நடுவில் ஒரு சுழலியை வைத்தால் அந்த மூச்சு அதைச் சுற்றும்.

இங்கே ஒரு சிக்கல் உண்டு. ஐந்து நொடிக்கு ஒருமுறை காற்று திசை மாறிக்கொண்டே இருக்கும். சாதாரணச் சுழலியாக இருந்தால் ஒருமுறை வலப்பக்கம், ஒருமுறை இடப்பக்கம் என்று தடுமாறும். இதற்கு விடை கண்டவர் பெல்ஃபாஸ்ட் குவீன்ஸ் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் ஆலன் வெல்ஸ். 1970களின் பிற்பகுதியில் அவர் வடிவமைத்த சுழலியின் இலைகள் இரு பக்கமும் ஒரே வளைவு கொண்டவை. காற்று மேலே போனாலும் கீழே வந்தாலும் அது ஒரே பக்கமாகவே சுழலும். விழிஞத்தில் முதலில் பொருத்தியது 2 மீட்டர் விட்டமுள்ள வெல்ஸ் சுழலி.

சென்னைக் குழு தன் பங்குக்குச் செய்தது பெட்டகத்தின் வடிவத்தில் இருக்கிறது. அறையின் வாய்க்கு இருபுறமும் கடலை நோக்கி நீளும் இரண்டு சுவர்களை வைத்தார்கள். அந்தச் சுவர்களுக்கு நடுவே அலை சேர்ந்து உயரும். அறைக்குள் நீரின் ஏற்ற இறக்கமும் பெரிதாகும். ஆய்வகத் தொட்டியில் சின்ன மாதிரிகளை வைத்துச் சோதித்துக் கண்டறிந்த வடிவம் அது. அந்த இரண்டு சுவர்களையும் காட்டித்தான் நான் மாணவர்களுக்கு விளக்குவேன். ஒரு ஆய்வுக் கட்டுரையைக் கான்கிரீட்டில் பார்ப்பது நம் ஊரில் எத்தனை பேருக்குக் கிடைக்கும்?

இவ்வளவு பெரிய கடற்கரையில் விழிஞத்தை ஏன் தேர்ந்தெடுத்தார்கள்?

கரையை ஒட்டியே ஆழம். விழிஞத்தின் பழம்பெருமைக்கும் இன்றைய சரக்குத் துறைமுகத்துக்கும் காரணம் அதே ஆழம்தான். ஆழமற்ற கடலில் அலை தரையோடு உரசித் தன் வலுவை இழந்துவிடும். இங்கே வலு குறையாமல் கரைக்கு மிக அருகில் வருகிறது. அலைத்தடுப்புச் சுவரும் ஏற்கெனவே இருந்ததால், கடலுக்குள் தனியாகப் பாதை போட வேண்டியிருக்கவில்லை.

அலையின் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். ஒரு மீட்டர் நீளமுள்ள அலைமுகடு சுமந்துவரும் ஆற்றலை உத்தேசமாகக் கணக்கிட, அலை உயரத்தை அதே எண்ணால் பெருக்கி, அடுத்தடுத்த இரண்டு முகடுகளுக்கு இடைப்பட்ட நொடிகளாலும் பெருக்கி, பாதியாக்க வேண்டும். ஒன்றரை மீட்டர் உயரம், பத்து நொடி இடைவெளி என்றால் மீட்டருக்குச் சுமார் 11 கிலோவாட். உயரம் இரட்டித்தால் ஆற்றல் நான்கு மடங்கு. ஆனி, ஆடி மாதக் கடலுக்கு ஏன் நம் மீனவர்கள் அவ்வளவு மதிப்புக் கொடுக்கிறார்கள் என்பது இந்தக் கணக்கிலேயே தெரியும்.

இந்தியக் கரையில் சராசரி மீட்டருக்கு 5 முதல் 10 கிலோவாட் என்று மதிப்பிடுகிறார்கள். ஸ்காட்லாந்து, அயர்லாந்தின் மேற்குக் கரைகளில் இதைப்போலப் பல மடங்கு. ஆனால் அங்கே புயலும் அதே அளவுக்குக் கொடியது. நம் தென்மேற்குக் கரைக்கு, உள்ளூர்க் காற்று ஓய்ந்திருக்கும்போதும் தெற்கு இந்தியப் பெருங்கடலிலிருந்து நீண்ட அலைகள் வந்துகொண்டே இருக்கின்றன. காற்றே இல்லாத நாளில் பொங்கி வந்து வீட்டுக்குள் புகும் கள்ளக்கடலும் அந்தத் திசையிலிருந்து வருவதுதான்.

உலகிலேயே முதல் அலை மின்நிலையம் இதுதானாமே?

இப்படிச் சொல்லாதீர்கள் என்று கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்டுக்கொள்கிறேன். நம் கோரிக்கையைக் கெடுப்பது இந்த ஒரு வரிதான். படித்த அதிகாரி ஒருவர் ஐந்து நிமிடத்தில் சரிபார்த்து, 'இது தவறு' என்று மனுவை ஓரமாக வைத்துவிடுவார்.

ஜப்பானில் யோஷியோ மசுதா 1960களிலேயே அலைக்காற்றால் எரியும் விளக்கு மிதவைகளைக் கடலில் விட்டுவிட்டார். நார்வேயில் பெர்கன் நகருக்கு அருகே 1985-இல் 500 கிலோவாட் நிலையம் ஒன்று கட்டினார்கள். 1988 டிசம்பர்ப் புயலில் அது உடைந்துபோனது. ஜப்பானின் சகாட்டா துறைமுகத்தில் 1989-இல் அலைத்தடுப்புச் சுவரிலேயே 60 கிலோவாட் நிலையம் வந்தது. ஸ்காட்லாந்தின் ஐலா தீவில் 75 கிலோவாட் நிலையம் 1991-இல் ஓடத் தொடங்கியது.

ஆகவே சரியான வாசகம் இது: இந்தியாவின் முதல் அலை மின்நிலையம், உலகில் மாநில மின்கட்டமைப்போடு இணைந்து இயங்கிய தொடக்ககால அலை மின்நிலையங்களுள் ஒன்று. நார்வேயும் ஜப்பானும் பிரிட்டனும் முயன்றுகொண்டிருந்த அதே காலத்தில், கடன் வாங்கிய தொழில்நுட்பத்தோடு நின்றுவிடாமல், சொந்த வடிவமைப்பில் ஒரு நிலையத்தை நம் பொறியாளர்கள் கடலில் இறக்கினார்கள். இந்த உண்மையே போதுமான அளவு பெரியது. இதற்கு மேல் மெருகு தேவையில்லை.

எவ்வளவு மின்சாரம் கிடைத்தது? ஏன் நின்றுபோனது?

ஏப்ரல் முதல் நவம்பர் வரை சராசரியாக 75 கிலோவாட்டும், டிசம்பர் முதல் மார்ச் வரை 25 கிலோவாட்டும் கிடைக்கும் என்பது வடிவமைப்பின் கணிப்பு. ஆனால் அலை ஒரே சீராக வருவதில்லை. பெரிய அலை வரும்போது வெல்ஸ் சுழலியின் இலைகளில் காற்றோட்டம் பிய்ந்து அதன் திறன் சட்டென்று விழும். சிறிய அலைகள் தொடர்ந்தால் சுழலியை ஓடவைக்க மின்கட்டமைப்பிலிருந்தே மின்சாரம் இழுக்க வேண்டிவரும். உப்புக்காற்று இரும்பைத் தின்னும். இவையெல்லாம் காகிதத்தில் படித்துத் தெரிந்துகொள்ளும் பாடங்கள் அல்ல. கடலில் இறங்கித்தான் கற்க முடியும்.

கற்றுக்கொண்டார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். 1990களின் பிற்பகுதியில் ஒற்றைச் செங்குத்துச் சுழலிக்குப் பதிலாகக் கிடைமட்டத்தில் இரட்டைச் சுழலிகளை வைத்துப் பார்த்தார்கள். பிறகு ஜப்பானின் சாகா பல்கலைக்கழக ஆய்வாளர்களோடு சேர்ந்து, உந்துவிசைச் சுழலி என்ற வேறொரு வகையை விழிஞத்தின் உண்மையான அலைகளில் சோதித்தார்கள். அந்த முடிவுகள் உலகம் முழுக்க அலை ஆற்றல் ஆய்வாளர்கள் மேற்கோள் காட்டும் முடிவுகள். பல ஆண்டு ஆய்வுக்குப் பின் நிலையம் ஓய்வுக்கு வந்தது. வணிக அளவில் மின்சாரம் விற்பது அதன் நோக்கமாக இருந்ததே இல்லை.

குடிநீர் எடுத்தார்கள் என்று சொல்கிறார்களே, உண்மையா?

உண்மை. 2004-ஐ ஒட்டிய ஆண்டுகளில், அலையிலிருந்து வந்த மின்சாரத்தைக் கொண்டே கடல்நீரை எதிர்ச் சவ்வூடு (ஆர்.ஓ.) முறையில் நன்னீராக்கும் அமைப்பை அங்கே நிறுவினார்கள். நாளொன்றுக்கு 10,000 லிட்டர் திறன் கொண்டது. ஏறி இறங்கும் மின்சாரத்தை மின்கலங்கள் வழியாகச் சீராக்கி, வெளி மின்சாரம் இல்லாமலேயே பம்பை ஓட்டினார்கள். உலகில் அன்று இப்படி இயங்கியவை விரல்விட்டு எண்ணத்தக்கவை. சுற்றிலும் கடல் இருந்தும் குடத்தோடு லாரிக்குக் காத்திருக்கும் கடற்கரை ஊர்க்காரர்களுக்கு இதன் அருமையை நான் விளக்க வேண்டியதில்லை.

ஓடாத, கைவிட்ட திட்டம்தானே. தோல்விக்கு எதற்கு நினைவுச்சின்னம்?

இந்தக் கேள்வியைக் கேட்காதவர் இல்லை. எனக்கு இதில் கொஞ்சம் கோபமும் உண்டு. ஆனாலும் நியாயமான கேள்வி.

சோதனை நிலையத்தை அது சம்பாதித்த யூனிட்டுகளால் அளக்கக் கூடாது. அதற்குப் பிறகு என்ன வந்தது என்பதால் அளக்க வேண்டும். ஸ்பெயினின் பாஸ்க் பகுதியில் முத்ரிக்கு என்ற சிறு துறைமுகம் இருக்கிறது. 2011-இல் அங்கே அலைத்தடுப்புச் சுவருக்குள்ளேயே 16 சுழலிகள் வைத்து 296 கிலோவாட் நிலையம் திறந்தார்கள். அலைத்தடுப்புச் சுவரையும் மின்நிலையத்தையும் ஒன்றாகக் கட்டினால் செலவு பங்கிடப்படும் என்பது விழிஞத்தை வடிவமைத்தவர்கள் எழுதி வைத்த எண்ணமும்கூட. கொல்லம் தங்கசேரியில் அப்படி ஒன்று கட்டும் திட்டம்கூடப் பேசப்பட்டது, நடக்கவில்லை. நடந்திருந்தால் இன்று முத்ரிக்குக்காரர்கள் நம்மைப் பார்க்க வந்திருப்பார்கள்.

நம் நாட்டிலும் நூல் அறுந்துபோகவில்லை. 2005-இல் லட்சத்தீவின் கவரத்தியில் கடலின் வெப்பநிலை வேறுபாட்டைக் கொண்டு நாளுக்கு ஒரு லட்சம் லிட்டர் நன்னீர் எடுக்கும் நிலையத்தை அமைத்தது, விழிஞத்தில் பாடம் படித்த அதே தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனம். எண்ணூர் காமராஜர் துறைமுகத்துக்கு அலை ஆற்றலில் எரியும் வழிகாட்டி மிதவையைச் செய்ததும் அவர்களே. 2022 நவம்பரில் சென்னை ஐ.ஐ.டி. 'சிந்துஜா' என்ற அலை மின்கருவியைத் தூத்துக்குடிக் கரையிலிருந்து சுமார் 6 கிலோமீட்டர் தள்ளிக் கடலில் சோதித்தது. 2019-இல் மத்திய அரசு கடல் ஆற்றலைப் புதுப்பிக்கத்தக்க ஆற்றலாக முறைப்படி அறிவித்தது. இந்த வரிசையின் முதல் படி எங்கே இருக்கிறது என்று கேட்டால், விழிஞத்தைத்தான் காட்ட வேண்டும்.

பாதுகாத்த பழைய இயந்திரங்களில் வென்றவற்றை மட்டும் வைத்திருக்கும் நாட்டில், பிள்ளைகள் அறிவியல் என்றால் முதல் முயற்சியிலேயே வெற்றி என்று எண்ணி வளர்வார்கள். நார்வே நிலையம் புயலில் உடைந்தது. விழிஞத்துப் பெட்டகமோ ஆண்டுதோறும் தென்மேற்குப் பருவக்கடலின் அடியைத் தாங்கியது. கட்டுமானப் பொறியியலில் அது தோல்வியா?

தொல்லியல் துறை இதைப் பாதுகாக்காதா?

சட்டம் இடம் கொடுக்கவில்லை. 1958-ஆம் ஆண்டின் தொல்சின்னங்கள் சட்டப்படி ஒரு சின்னம் குறைந்தது 100 ஆண்டுப் பழமை உடையதாக இருக்க வேண்டும். 1991-இல் பிறந்த நிலையத்துக்கு 2091-இல்தான் வயது நிறையும். அதுவரை கான்கிரீட்டுக்குள் இருக்கும் இரும்புக் கம்பி காத்திருக்காது.

இதே விழிஞத்தில் எட்டாம் நூற்றாண்டைச் சேர்ந்த சின்னஞ்சிறிய குடைவரைக் கோயில் பாதுகாக்கப்பட்ட சின்னமாக இருக்கிறது. முற்றுப்பெறாத சிற்பங்களோடு நிற்கும் கோயில் அது. ஆய் மன்னர்களும் பாண்டியரும் சோழரும் போட்டியிட்ட துறைமுகத்தின் மிச்சத்தை நாம் போற்றுவது சரியே. அதே ஊரின் இருபதாம் நூற்றாண்டுச் சாதனைக்கும் ஓர் இடம் வேண்டும் என்பதுதான் கேள்வி.

அப்படியானால் அங்கீகாரத்துக்கு வேறு வழி என்ன?

வழிகள் உண்டு. முதலில், நூறாண்டுக் கணக்குப் பார்க்காத பட்டியல்கள். இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை அறிவியல் முக்கியத்துவத்தை வைத்தே தேசிய நிலவியல் நினைவுச் சின்னங்களை அறிவிக்கிறது. மலப்புறம் மாவட்டத்து அங்காடிப்புறம் செம்புரைக்கல்லும், தமிழ்நாட்டில் திருவக்கரைக் கல்மரங்களும் அப்படி வந்தவைதான். பொறியியல் சாதனைகளுக்கு நம் அரசிடம் இதுபோன்ற பட்டியல் இல்லை. இருக்க வேண்டும் என்று கேட்பதும் எங்கள் கோரிக்கையின் ஒரு பகுதி.

இரண்டாவது, எனக்கு மிக நம்பிக்கை தருவது: மின்பொறியாளர்களின் உலகளாவிய அமைப்பான ஐ டிரிபிள் இ (IEEE) தரும் 'மைல்கல்' அங்கீகாரம். 25 ஆண்டு கடந்த சாதனையாக இருந்தால் போதும். விழிஞம் 2016-லேயே அந்த வயதை எட்டிவிட்டது. ஜகதீஷ் சந்திர போஸின் கம்பியில்லாத் தொடர்புச் சோதனைக்கும், கொல்கத்தாவில் சி.வி. ராமன் செய்த ஆய்வுக்கும், புனே அருகே இருக்கும் மாபெரும் ரேடியோ தொலைநோக்கிக்கும் இந்தியாவில் அந்த அங்கீகாரத்துக்கான வெண்கலப் பலகை கிடைத்திருக்கிறது. யார் வேண்டுமானாலும் பரிந்துரைக்கலாம். ஆனால் பலகைச் செலவை அந்த அமைப்பின் கிளை ஒன்று ஏற்க வேண்டும். இடத்துக்கு உரிமையாளர் எழுத்தில் சம்மதிக்க வேண்டும். துறைமுகம் மாநில அரசின் பொறுப்பு, நிலையமோ மத்திய அரசின் பணத்தில் வந்தது. இந்த இரு தரப்பையும் ஒரே மேசைக்குக் கொண்டுவருவதில்தான் எங்கள் உழைப்பில் பெரும்பகுதி போகிறது. ஓர் அலுவலகத்தில் மனுவை வாங்கிப் பார்த்துவிட்டு, 'இது எங்கள் பொறுப்பில் வராது' என்று திருப்பிக் கொடுத்தார்கள். அவர்கள் கைகாட்டிய அடுத்த அலுவலகத்திலும் அதே பதில்.

மூன்றாவது வழி மிகச் சிறியது, நாளைக்கே செய்யக்கூடியது: துறைமுக வாசலில் ஒரு விளக்கப் பலகை. விழிஞம் 2010 முதல் திருவனந்தபுரம் மாநகராட்சியின் பகுதி. மாநகராட்சி மன்றம் ஒரு தீர்மானம் போட்டால் போதும். சுழலியின் பாகங்கள் திருவனந்தபுரத்து அறிவியல் தொழில்நுட்ப அருங்காட்சியகத்தில் இருந்தால் எத்தனை பள்ளிப் பிள்ளைகள் தொட்டுப் பார்ப்பார்கள்!

தும்பாவுக்குக் கிடைத்த புகழ் விழிஞத்துக்கு ஏன் கிடைக்கவில்லை?

இரண்டும் ஒரே மாவட்டத்தின் மீனவ ஊர்கள். தும்பாவிலிருந்து 1963 நவம்பர் 21 அன்று முதல் ராக்கெட் புறப்பட்டது. அந்த ராக்கெட் பணிகள் நடந்த மேரி மகதலேனா தேவாலயம் இன்று விண்வெளி அருங்காட்சியகம். ராக்கெட் வானத்தில் கோடு போட்டது, நாடே அண்ணாந்து பார்த்தது. அதைத் தொடர்ந்து ஒரு பெரிய அமைப்பே வளர்ந்து, தன் பிறந்த வீட்டை மறக்காமல் காத்தது. அலை மின்சாரத்துக்கு அப்படியொரு வாரிசு விழிஞத்திலேயே வளரவில்லை. ஆய்வு வேறு ஊர்களுக்குப் போய்விட்டது. ஊரைவிட்டுப் போன பிள்ளையின் வீட்டைப் பக்கத்து வீட்டார்தான் பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

புதிய துறைமுகத்துக்கு எதிரான இயக்கமா இது?

இல்லை. கடலரிப்பு, இழப்பீடு, மீன்பிடி இடம் போனது பற்றி மீனவர்களுக்கு இருக்கும் கேள்விகள் தனியானவை, கனமானவை. எங்கள் கோரிக்கையை அதோடு கலந்து இரண்டையும் நீர்க்கச் செய்ய மாட்டோம். விரிவாக்கப் பணி எதுவானாலும், பெட்டகத்தைத் தொடுவதற்கு முன் அளந்து, படமெடுத்து, வரைபடங்களோடு ஆவணப்படுத்த வேண்டும் என்று மட்டும் கேட்கிறோம்.

மீனவர்களுக்கு இதனால் என்ன பயன்?

வலை நிறையும் என்று பொய் சொல்ல மாட்டேன். ஆனால் பருவமழைக் காலத்தில் நம் பக்கத்து வள்ளங்களும் விழிஞத்தில்தான் ஒதுங்குகின்றன. அந்த மாதங்களில் துறைமுகம் நிரம்பி வழியும். அங்கே நிற்கிற பெட்டகத்தைப் பற்றி வெளியூரார் கேட்டால் சொல்ல ஒரு கதை அவர்களிடம் இருக்க வேண்டும். அலையின் போக்கை யாரைவிடவும் நன்றாக அறிந்தவர்கள் அவர்கள். நிலையம் ஓடிய நாட்களில் கரையில் இருந்த பெரியவர்கள் இன்னும் நம்மோடு இருக்கிறார்கள். காற்று சீறிய சத்தத்தை நினைவு வைத்திருப்பவர்களும் உண்டு. அவர்கள் சொல்வதைப் பதிவு செய்வது பலகையைவிட அவசரமானது.

கேரளத்து இடத்துக்காகத் தமிழர்கள் ஏன் மெனக்கெட வேண்டும்? மனுவைத் தமிழில் கொடுக்கலாமா?

1956 நவம்பர் 1 வரை கல்குளம், விளவங்கோடு, நெய்யாற்றின்கரை தாலுகாக்கள் ஒரே ஆட்சியில் இருந்தவை: முதலில் திருவிதாங்கூர், 1949 முதல் திருவிதாங்கூர்-கொச்சி. எல்லைக்கோடு தரையில் விழுந்தது. கடலில் நம் மீனவர்கள் இன்றும் ஒரே அலையில்தான் தொழில் செய்கிறார்கள். சென்னையில் வரைந்து விழிஞத்தில் இறக்கிய நிலையம் இரு மாநிலத்தாரும் உரிமை கொண்டாடத்தக்கது.

தமிழில் தாராளமாகக் கொடுக்கலாம். கேரளத்தின் 1969-ஆம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டப்படி, அங்குள்ள தமிழ்ச் சிறுபான்மையினர் தலைமைச் செயலகத்தோடும் துறைத் தலைவர்களோடும் தமிழில் கடிதத் தொடர்பு வைத்துக்கொள்ளலாம். பதிலும் தமிழில் பெறலாம். இந்த உரிமையை நாம் பயன்படுத்துவதே இல்லை. ஆவணங்கள் வேண்டுமானால், பத்து ரூபாய்க் கட்டணத்தில் தகவல் உரிமைச் சட்டப்படி கேளுங்கள். முப்பது நாளில் பதில் தர வேண்டும். மத்தியப் புவி அறிவியல் அமைச்சகத்துக்கும் மாநிலத் துறைமுகப் பொறியியல் துறைக்கும் தனித்தனியாக அனுப்புவது நல்லது. ஒன்றுக்கு அனுப்பினால் மற்றதைக் கைகாட்டுவார்கள்.

பலகையில் என்ன எழுத வேண்டும் என்கிறீர்கள்?

மலையாளம், தமிழ், ஆங்கிலம் மூன்றிலும் இவ்வளவு போதும்: 'இந்தியாவில் கடல் அலையிலிருந்து முதன்முதலில் மின்சாரம் எடுத்த இடம். சென்னை ஐ.ஐ.டி. வடிவமைத்த 150 கிலோவாட் சோதனை நிலையம் 1991 அக்டோபரில் இயங்கத் தொடங்கியது. பின்னர் தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனம் இங்கே அலை ஆற்றலால் கடல்நீரை நன்னீராக்கியது.' கீழே, காற்று ஏறி இறங்கும் முறையைக் காட்டும் ஒரு வெட்டுப்படம். அமைச்சர், உறுப்பினர் பெயர்களுக்கு இடம் வேண்டாம். பெயர் போட்டே ஆக வேண்டும் என்றால், கட்டியவர்கள், கடலில் மூழ்கி வேலை செய்தவர்கள் பெயர்கள் வரட்டும்.

இப்போது போய்ப் பார்க்கலாமா?

துறைமுகத்துக்குப் போகலாம். களியக்காவிளைப் பக்கமிருந்து வருபவர்களுக்குக் காரோடு என்ற ஊரில் தொடங்கும் புறவழிச்சாலை எளிது. பூவாறு வழியாகக் கடற்கரைச் சாலையும் உண்டு. அலைத்தடுப்புச் சுவரில் நடக்கும் முன் வாசலில் அனுமதி கேளுங்கள். பக்கத்தில் சரக்குத் துறைமுகம் இருப்பதால் கட்டுப்பாடுகள் அதிகம். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை சுவரின் கற்கள்மேல் ஏறவே வேண்டாம். ஓர் அலை போதும். பள்ளியிலிருந்து பிள்ளைகளை அழைத்து வருவதானால் டிசம்பர் முதல் மார்ச் வரை நல்ல காலம். மத்தியக் கடல் மீன்வள ஆய்வு நிறுவனத்தின் மீன் காட்சியகமும் குடைவரைக் கோயிலும் அதே ஊரில் இருப்பதால் ஒரே நாளில் மூன்றையும் பார்த்துவிடலாம். வருவதற்கு முன் வகுப்பிலேயே அடிவெட்டிய பிளாஸ்டிக் பாட்டிலை வாளித் தண்ணீரில் மேலும் கீழும் அசைத்துக் காட்டுங்கள். வாய்ப்பக்கம் விரலை வைத்துப் பார்த்த பிள்ளைக்கு அதற்குமேல் விளக்கம் தேவைப்படாது.